1.68 லட்சம் கனஅடின்னா எங்க தெருவுல எவ்வளவு?



தீபம் முடிஞ்சு ஒரு வாரம் ஆகுது. மலையேறிப் போய் தீபம் பார்க்க பக்தர்களுக்கு அனுமதி இல்லைன்னு சொன்ன வருஷம் இது. காரணம் எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 1-ஆம் தேதி வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையுமா மலை இறங்கி வந்து 7 பேரை எடுத்துக்கிட்டுப் போச்சு. அதில் 5 பேர் குழந்தைகள்.

அன்னைக்கு ராத்திரியே சாத்தனூர் அணையில் இன்னொரு நெருக்கடி ஓடிக்கிட்டிருந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடல. ஊத்தங்கரையில் மட்டும் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணி முழுக்க இறங்கி வர்ற இடம் சாத்தனூர். டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டாங்க. அதுக்குக் கீழே நம்ம மாவட்டம், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு ஆத்தோரம் முழுக்க என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணப் பொருள் ஏத்திக்கிட்டுப் போன தோழர்கள் நேரிலேயே பார்த்தீங்க.

விடியறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன். திருக்கோவிலூர் தாண்டி ஆத்தோர கிராமத்துல இருக்கிற என் சித்தப்பா. "ஏம்பா, தண்ணி ஜாஸ்தியா தொறந்துட்டாங்களாம். எங்க தெருவுக்கு வருமா? வந்தா எவ்ளோ வரும்? மாட்டை அவுத்து ஓட்டிடவா?"

நான் இன்ஜினியரிங் படிச்சவன், ஐ.டி. விங்ல இருக்கிறவன், தகவல் எல்லாம் முதல்ல நமக்குத்தான் வரும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. என்கிட்ட பதில் இல்லை. "எதுக்கும் மேட்டுக்குப் போயிடுங்க சித்தப்பா"ன்னு சொன்னேன். அது படிச்சவன் சொல்ற பதில் இல்லைங்க. யார் வேணா சொல்லலாம்.

அடுத்த நாள்ல இருந்து ஆரம்பிச்சது பாருங்க சண்டை. 5 முறை வெள்ள எச்சரிக்கை விட்டோம்னு அரசு சொல்லிச்சு. முன்னறிவிப்பே இல்லாம நடு ராத்திரியில் திறந்துட்டாங்கன்னு எதிர்க்கட்சிகள் சொன்னாங்க. நாமும் சும்மா இல்லை. சிவப்பு எழுத்துல கார்டு போட்டோம், ஷேர் ஆச்சு, லைக் வந்தது. அந்தக் கார்டை டிசைன் பண்ண டீம்ல நானும் ஒருத்தன். அதனால இதைச் சொல்ற உரிமை எனக்கு இருக்குன்னு நினைக்கிறேன்: எச்சரிக்கை 5 தடவை வந்துச்சா, 10 தடவை வந்துச்சா என்பது பாதிக் கேள்விதான். "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்பது 50 தடவை வந்தாலும் சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் கேட்டது கனஅடி இல்லை. அவர் வாசல்ல முழங்காலா, இடுப்பா, கூரையா? எத்தனை மணிக்கு?

இதுக்குப் பதில் சொல்ல முடியுமா? முடியும். உலகம் முழுக்கச் சொல்லிக்கிட்டிருக்காங்க. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. சாத்தனூர் அணையோட முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி, அதாவது 7.3 டி.எம்.சி. விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வெளியே போனா, நிரம்பிய அணை முழுசாக் காலியாக ஏறக்குறைய 12 மணி நேரம் போதும். இப்போ மறுபக்கம் பாருங்க. 50 சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டர்ல பெஞ்சா 50 கோடி லிட்டர். அப்படி 415 சதுர கிலோமீட்டர்ல பெஞ்சு அவ்வளவும் ஓடி வந்தா சாத்தனூர் மாதிரி ஒரு அணை அடி முதல் நுனி வரை நிரம்பிடும். சாத்தனூருக்கு மேலே இருக்கிற நீர்ப்பிடிப்புப் பகுதியோ 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நந்தி மலைப் பக்கம் கர்நாடகாவில் ஆரம்பிச்சு கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைன்னு தாண்டி வர்ற ஆறு இது.

ஏற்கெனவே நிறைஞ்சு நிக்கிற அணைக்கு அந்த மாதிரி தண்ணி வந்தா, திறக்காம வெச்சிருக்க முடியாது. 1958-ல் காமராஜர் காலத்தில் முடிஞ்ச அணை அது. உடைஞ்சிருந்தா நாம இப்படி உக்காந்து எழுதிக்கிட்டு இருக்க மாட்டோம். அந்த ராத்திரி அணை மேல நின்ன பொறியாளர்களைத் திட்டி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. அவங்க கையில் என்ன தகவல் இருந்தது, அந்தத் தகவல் கீழே இருக்கிற ஊருக்கு எந்த வடிவத்தில் போச்சு, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமா இறக்கியிருக்க முடியுமா, அதைச் சொல்லக்கூடிய கணக்கு யார்கிட்ட இருந்தது? இதுதான் என் கேள்வி.

மேலே நான் போட்ட கணக்கு ரொம்பக் கரடு. பெய்யற மழை எல்லாம் ஆத்துக்கு வராது. காஞ்ச மண்ணு குடிக்கும், ஏரி பிடிக்கும், காடு நிறுத்தும். ஏற்கெனவே நனைஞ்ச மண்ணு ஒரு சொட்டு குடிக்காது. வந்த தண்ணியும் ஒரே நேரத்தில் வராது. ஊத்தங்கரைத் தண்ணி ஒரு நேரம், கிருஷ்ணகிரித் தண்ணி வேற நேரம். அணையைத் தாண்டினப்புறம் ஆத்தோட அகலம், ஆழம், மணல் எடுத்த குழி, பாலம், ஆக்கிரமிப்பு எல்லாத்தையும் பொறுத்து மட்டம் ஏறும். இதையெல்லாம் படிப்படியாக் கணக்குப் போட்டு, "இவ்வளவு மழை பெஞ்சா இந்த நேரத்துக்கு இந்த இடத்துல இவ்வளவு உயரம்"னு சொல்றதுதான் நீரியல் மாடல். ஜோசியம் இல்லை. கணக்கு.

இந்தக் கணக்குக்கான மென்பொருள் எங்கேயோ பூட்டி வெச்சிருக்குன்னு நினைக்காதீங்க. நிலத்தடி நீருக்கு மாட்ஃப்ளோ: அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1984-லேயே வெளியிட்டது, கோடு எல்லாமே பொதுச்சொத்து. குடிநீர்க் குழாய் வலைப்பின்னலுக்கு இபிஏநெட்: 1993-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்டது, இதுவும் பொதுச்சொத்து. நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஸ்வாட். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், 2002-ல் ஒருத்தர் ஆரம்பிச்சது, இன்னைக்கு உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறாங்க. பாதி நாடு கடல் மட்டத்துக்குக் கீழே இல்லைன்னா அதை ஒட்டி இருக்கிற நெதர்லாந்துல, டெல்டாரஸ் நிறுவனம் தன்னோட டெல்ஃப்ட்-3டி மென்பொருளின் சோர்ஸ் கோடை 2011-ல் திறந்துவிட்டாங்க. தண்ணிதான் அவங்க உயிர்ப்பிரச்சினை. அவங்களே திறக்கிறாங்க.

ஒரு விஷயம் சரியாப் பிரிச்சுக்கணும், ஏன்னா நம்ம தோழர்களே சில பேர் கலந்து பேசறாங்க. இலவசம் வேற, ஓப்பன் சோர்ஸ் வேற. வெள்ளக் கணக்குக்கு நம்ம நாட்டுல நிறைய பேர் பயன்படுத்துற ஹெக்-ராஸ் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கொடுக்கிறது. காசு கிடையாது. ஆனா உள்ளே என்ன கோடு ஓடுதுன்னு நாம பார்க்க முடியாது, மாத்த முடியாது. ஓப்பன் சோர்ஸ்னா உள்ளே இருக்கிற கணக்கை நானும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம், வேற கட்சிக்காரனும் பார்க்கலாம். தப்பு இருந்தா கை வெச்சுக் காட்டலாம். இந்தக் கடைசி விஷயம்தான் அரசியலுக்கு முக்கியம்.

நம்ம ஊரு ஏரிகளை நினைச்சுப் பாருங்க. ஏரி எவ்வளவு நிரம்பினா கலங்கல் போகும்னு ஊர்ல ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். கலங்கல் கல்லு எல்லார் கண்ணுக்கும் முன்னாடி நிக்கும். எந்த மடையை எப்போ திறக்கணும்னு நீர்க்கட்டிக்குத் தெரியும், அவர் தப்பாத் திறந்தா கடைமடை விவசாயி அன்னைக்கே சண்டைக்கு வந்துடுவாரு. கணக்கு பொதுவுல இருந்தது, அதனால கேள்வியும் பொதுவுல இருந்தது. அணை பெருசான உடனே கணக்கு அறைக்குள்ள போயிடுச்சு.

சரி, மென்பொருள் இலவசமாக் கிடைக்குதே, நானே ஒரு கை பார்க்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட உக்காந்தேன். க்யூஜிஐஎஸ் போட்டேன். நிலத்தோட உயரத்துக்கு, விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசமாக் கிடைக்குது, இறக்கினேன். நீரோட்டப் பாதை வரையச் சொன்னேன். அழகா வரைஞ்சுது. சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் சித்தப்பா ஊரைப் பெருசாக்கிப் பார்த்தேன். அங்கதான் அடி.

அந்தத் தரவுல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர். நம்ம பாஷையில் சொன்னா ஏறக்குறைய 4 கிரவுண்டு நிலத்துக்கு ஒரே ஒரு உயரம். வீடு, தோட்டம், கரை, வாய்க்கால் எல்லாம் சேர்த்து ஒரே நம்பர். அந்த நம்பரிலேயே சில மீட்டர் பிழை இருக்கும். வாசல்ல முழங்காலா இடுப்பான்னு கேட்கிற ஆளுக்கு, பனைமர அளவுல பிழை இருக்கிற டேப்பை வெச்சு என்ன பதில் சொல்றது? மழைத் தரவுக்குப் போனா, வானிலைத் துறை 1901-லிருந்து தினசரி மழையைக் கட்டம் கட்டமாத் தருது. ரொம்ப நல்ல விஷயம், ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பொக்கிஷம். ஆனா ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர். திருவண்ணாமலை ஊர், கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், மலை எல்லாம் சேர்த்தே ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிடும். மலை மேலே பெஞ்ச மழையும் பேருந்து நிலையத்துல பெஞ்ச மழையும் ஒண்ணுன்னு கணக்கு எடுத்துக்கும். வ.உ.சி. நகர்ல நடந்ததுக்கு அந்தத் தரவு ஒரு பதிலும் சொல்லாது.

ஆத்தோட குறுக்குவெட்டு அளவு வேணும், அதாவது ஒவ்வொரு இடத்திலும் ஆறு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம். அணையிலிருந்து அன்னைக்கு ராத்திரி மணிக்கு மணி எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனதுன்னு வேணும். ஒரு அலுவலகத்துக்கு போன் பண்ணேன். கடிதம் கொடுங்க, எந்த நோக்கத்துக்குன்னு எழுதுங்க, மேலே கேட்டுச் சொல்றோம்னாங்க. அவங்க மேல கோபம் இல்லை. கொடுக்கலாமா கூடாதான்னு அவங்களுக்கே தெளிவு இல்லை, அவ்வளவுதான்.

இங்கதான் நான் கட்சிக்குச் சொல்ல வந்த விஷயமே இருக்கு. "ஓப்பன் சோர்ஸ்ல முதலீடு"ன்னா ஆப் ஒண்ணு தயாரிச்சு, அதுக்குத் தமிழ்ல அழகா ஒரு பேர் வெச்சு, மேடை போட்டு வெளியிடறது இல்லை. ஆப் ஏற்கெனவே இருக்கு. டிஎன்-அலர்ட் இருக்கு, டிஎன்-ஸ்மார்ட் இருக்கு. மென்பொருளுக்குள்ள போடற அளவு, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள், அதைப் பத்து வருஷம் பராமரிக்கிற நிறுவனம், இந்த மூணுலதான் பணம் போகணும். வெளிநாட்டுக் கட்டண மென்பொருளுக்கு வருஷா வருஷம் உரிமத்தொகை கட்டறோம்னா, அது நிறுத்தின வருஷமே மாடல் ஓடாது. அதே பணத்துல ஆத்துல இறங்கி அளக்கிற சர்வேயரையும் மாடல் ஓட்டற பொறியாளரையும் சம்பளம் கொடுத்து வெச்சா, அவங்க எழுதறது இங்கேயே தங்கும். அடுத்த மாவட்டம் அதை எடுத்து பாலாத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். செய்யாத்துக்குப் போடலாம்.

சும்மா கிடைக்கிறதுன்னு நினைச்சு "தன்னார்வலர்கள் பார்த்துப்பாங்க"ன்னு விட்டா அது நடக்காது. நானே ஒரு ஞாயித்துக்கிழமைதான் உக்காந்தேன், மறுநாள் வேலைக்குப் போயிட்டேன். மென்பொருள் இலவசம். ஆள் இலவசம் இல்லை.

நம்ம மாவட்டத்துக்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு, கவனிங்க. சாத்தனூருக்குக் கீழே வாழவச்சனூர்ல மத்திய நீர் ஆணையத்தோட அளவீட்டு நிலையம் இருக்கு, தென்பெண்ணை எவ்வளவு ஓடுதுன்னு அளக்கிற இடம். அதே வாழவச்சனூர்ல வேளாண்மைக் கல்லூரி இருக்கு. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தோட பொறியியல் கல்லூரி இருக்கு. அளக்கிற இடமும் படிக்கிற பிள்ளைகளும் ஒரே மாவட்டத்துல. தென்பெண்ணை மாடலை இந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, ஐஐடி ஆளுங்க சரிபார்க்கிற மாதிரி ஏற்பாடு பண்ணா, 5 வருஷத்துல இந்த ஆத்தை அதுக்கு மேலே தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்க. நிலச்சரிவுக்கு ஐஐடி நிபுணர்கள் வந்து பார்த்தாங்க, போனாங்க. வரட்டும், வரணும். ஆனா மழை பெய்யற ராத்திரியில் இங்கேயே இருக்கிற ஆள் வேணும்.

"தரவை வெளியே விட்டா பாதுகாப்புப் பிரச்சினை"ன்னு ஒரு பதில் வரும். தயாரா இருங்க. மத்திய அரசோட 2018 நீர்வானிலைத் தரவுக் கொள்கையிலேயே கட்டுப்பாடு வெச்சிருப்பது கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா மாதிரி நாட்டு எல்லை தாண்டுற படுகைகளுக்குத்தான். தீபகற்ப ஆறுகளுக்கு இல்லை. அப்படித் திறந்து கிடைச்ச தரவை வெச்சுத்தான் ஐஐடி ரூர்க்கி உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் தீபகற்ப இந்தியாவின் 228 நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு ஒரு தொகுப்பே போட்டு, யார் வேணா எடுத்துக்கலாம்னு வெளியிட்டிருக்காங்க. பெங்களூருவில் வெல் லேப்ஸ் அமைப்பு க்யூஜிஐஎஸ்க்குள்ளேயே ஓடற மாதிரி ஜல்டோல்னு ஒண்ணு எழுதி, கிராம அளவுல நீர்க்கணக்கு போட வெச்சிருக்காங்க. மத்திய அரசுக்கு 2012-லிருந்து தரவுப் பகிர்வுக் கொள்கை இருக்கு, 2015-லிருந்து ஓப்பன் சோர்ஸ் கொள்கை இருக்கு. காகிதத்துல எல்லாமே இருக்கு. மாநிலத்தோட கையில் இருக்கிற அணை, ஏரித் தரவும் அதே மாதிரி, கணினி படிக்கிற வடிவத்துல வெளியே வரணும். செய்திக்குறிப்பை ஸ்கேன் பண்ணிப் போடறது தரவு இல்லை.

இன்னொரு எதிர்வாதம் உண்மையிலேயே கனமானது. மாடல் தப்பாப் போனா? "இடுப்பளவு வரும்"னு சொல்லி 300 குடும்பத்தை ராத்திரியில் கிளப்பி, தண்ணி வரலைன்னா அடுத்த தடவை ஒருத்தரும் கிளம்ப மாட்டாங்க. வராதுன்னு சொல்லி வந்துட்டா அதைவிட மோசம். இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. மாடல் தப்பாப் போகும், நிச்சயம் போகும். மூடி வெச்ச மாடலும் தப்பாத்தான் போகும், ஆனா எங்கே தப்புன்னு அடுத்த மழைக்குள்ள யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நம்பரைச் சொல்லாம "இதிலிருந்து இது வரை, இவ்வளவு வாய்ப்பு"ன்னு சொல்ற பழக்கத்துக்கு அதிகாரிகளும் வரணும், கட்சிக்காரங்க நாமும் வரணும். தப்பான அன்னைக்கு அந்தப் பொறியாளரை மீம் போட்டுக் கொல்லாம இருக்க நாம தயாரான்னு நம்ம அட்மின்களைக் கேட்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்போ எல்காட் லினக்ஸுக்கு மாறிச்சு. எனக்குப் பள்ளியில் கிடைச்ச அரசு லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்தது, சென்னை சி-டாக்ல தயாரானது. உண்மையைச் சொன்னா அப்போ அதைத் திறக்காம விண்டோஸ்ல கேம் ஆடினேன், அது வேற கதை. 2015 சென்னை வெள்ளத்தப்போ எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்குன்னு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துல மக்களே குறிச்சாங்க, ஆயிரக்கணக்கான தெருக்கள். அதுக்கப்புறம்தான் ஐஐடி மெட்ராஸ், ஐஐடி பாம்பே, அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து செஞ்ச சி-ஃப்ளோஸ் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு 2019-ல் சென்னைக்கு வந்தது. 2018-ல் கேரளா மூழ்கினப்போ கேரளா ரெஸ்க்யூ தளத்தோட கோடை கிட்ஹப்ல போட்டு, நம்ம வயசுப் பசங்க நூத்துக்கணக்குல ராத்திரி பகலா எழுதினாங்க, அரசும் கூட நின்னுச்சு. சென்னையில் தண்ணி வந்தா நாடே பார்க்கும், மாடல் வரும். தென்பெண்ணைக்குக் கரையோர மக்கள் திறந்து பார்க்கிற மாதிரி ஒண்ணை நான் இதுவரை பார்க்கல.

வெள்ளம் வந்து ஒரு மாசம் பேசுவோம், பொங்கல் வந்தா மறந்துடுவோம். அதனால வெள்ளம் இல்லாத விஷயத்துக்கும் ஒண்ணு சொல்றேன், இது நம்ம கட்சிக்காரங்களுக்குச் சுருக்குன்னு உறைக்கும்.

காவிரி. 2007 நடுவர் மன்றத் தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கிச்சு. 14.75 டி.எம்.சி. போச்சு. அதுல 10 டி.எம்.சி. எதுக்காகப் போச்சு தெரியுமா? டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்குன்னு கணக்கு எடுத்ததுக்காக. 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்குன்னு ஒரு மதிப்பீடு, அதுல 10-ஐக் கழிச்சுட்டாங்க. சாத்தனூர் மாதிரி ஒரு அணை முழுசா நிரம்பினாலும் வராத தண்ணி, ஒரு மதிப்பீட்டு வரியில் போச்சு. அந்த நிலத்தடி நீர்ல எவ்வளவு ஆத்துத் தண்ணி ஊறினது, எவ்வளவு மழை, எவ்வளவு உப்பாகிப்போனது? இதைக் கேட்கிறதுக்குத்தான் மாட்ஃப்ளோ மாதிரி மாடல் இருக்கு.

நம்ம தென்பெண்ணைக்கும் அதே வழக்கு இருக்கு. மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணையை எதிர்த்து தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசுகிட்டப் போங்கன்னாங்க. நாளைக்கு நடுவர் மன்றம்னு ஒண்ணு உக்காந்தா, மேலே தடுத்தா கீழே சாத்தனூருக்கு எத்தனை வருஷத்துல எவ்வளவு குறையும்னு கேட்பாங்க. திருவண்ணாமலை ஊர் குடிக்கிற தண்ணிக்கே சாத்தனூரை நம்பி இருக்கோம். பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் வர்ற ஊர். அந்த நாள்ல போராட்டம் நடத்த நாம இருப்போம், சரி. நீதிமன்றத்துல மேசை மேல வைக்க கணக்கு இருக்கணும், அதுவும் எதிர்த்தரப்பு வாங்கி ஓட்டிப் பார்த்தாலும் அதே விடை வர்ற கணக்கா இருக்கணும். மூடின மாடல்னா "உங்க வசதிக்குப் போட்டிருக்கீங்க"ன்னு ஒரே வார்த்தையில் தள்ளிடுவாங்க.

 தேர்தல் அறிக்கைக்குக் கருத்து கேட்டு மாவட்ட அளவுல ஆரம்பிப்பாங்க. திருவண்ணாமலை ஐ.டி. விங் சார்பா இதை எழுதிக் கொடுக்கப் போறோம்: அணைகளின் மணிவாரித் தரவு திறந்த வடிவத்துல, தென்பெண்ணைக்கு முழு அளவீடு, வெள்ள மாடல் கோடோட சேர்த்து மக்கள் பார்வைக்கு, அதை ஓட்ட மாவட்டத்திலேயே நிரந்தரப் பணியிடங்கள். தலைமை ஏத்துக்குமா தெரியல. இலவச மிக்ஸி மாதிரி கைதட்டல் வாங்கற விஷயம் இல்லை. இருந்தாலும் கொடுப்போம்.

அதுவரைக்கும் ஒரு வேலை இருக்கு, இதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். எந்த வெள்ள மாடலையும் சரிபார்க்கணும்னா, உண்மையில் தண்ணி எவ்வளவு உயரம் வந்ததுன்னு தெரியணும். அது இப்போ நம்ம ஊர்ச் சுவர்கள்ல இருக்கு. சேறு படிஞ்ச கோடு. சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணை கரையோரக் கிளைத் தோழர்கள், பக்கத்து மாவட்டத் தோழர்களும், இந்த வாரம் ஒரு டேப் எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர்னு அளங்க. வீட்டுத் தரையிலிருந்தா, ரோட்டிலிருந்தான்னு மறக்காம எழுதுங்க, இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவோம். லொகேஷன் ஆன் பண்ணி டேப்போட ஒரு போட்டோ. தண்ணி எத்தனை மணிக்கு ஏறுச்சு, எத்தனை மணிக்கு இறங்குச்சுன்னு அந்த வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, அவங்களுக்குத் துல்லியமா ஞாபகம் இருக்கும். வீட்டுக்காரங்க பேர், போன் நம்பர், முகம் எதுவும் வேண்டாம். நம்ம கொடி, பேனர், செல்ஃபி அதைவிட வேண்டாம். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், ரேஷன் கடைச் சுவர் இருந்தா அதை முதல்ல எடுங்க, அது அப்படியே நிக்கும்.

மாவட்ட ஐ.டி. விங் குரூப்ல அனுப்புங்க. தொகுத்து, யார் வேணா எடுத்துக்கிற மாதிரி திறந்த உரிமத்துல வெளியிடுவோம். ஆளுங்கட்சி எடுத்தாலும் சரி, ஐஐடி எடுத்தாலும் சரி.

சித்தப்பா வீட்டுச் சுவர்ல கோடு வீட்டுத் தரையிலிருந்து 94 சென்டிமீட்டர். மாடு தப்பிச்சுது, வைக்கோல் போச்சு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டாராம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருக்கும். அதனால சீக்கிரம் போங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி, திருவண்ணாமலை

#தென்பெண்ணைத்_தரவைத்_திற